ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் ஆறு

2025 ஏப்ரல் 16, புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, மதுரையில் உள்ள ஆற்றுநிலை அறிவிப்பு வாரியத்தின் இணையதளம் திறந்து முடிக்க 9.4 விநாடி எடுத்துக்கொண்டது.

இருபத்தேழு வாரியத் தளங்களின் வேகத்தை அளந்து மேலிடம் அனுப்பிய பட்டியலில் அதுவே கடைசி. வாரிய இயக்குநர் வெங்கடசுப்பிரமணியன் பட்டியலை இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. இதெல்லாம் சோழவந்தானில் இருந்த முத்திருளனுக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

முத்திருளன் வைகைக் கரையில் அளவுக்கல் பார்ப்பவர். ஆற்றுக்குள் நட்டிருந்த கல்தூணில் அடிக்கணக்கு எழுதியிருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதென்று பார்த்து, காலையும் மாலையும் வாரியத்துக்குப் போன் பண்ண வேண்டும். பத்தொன்பது வருடங்களாக அதுதான் வேலை. கல்லில் ஒன்பதாவது அடியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தண்ணீர் அந்த உயரத்துக்கு வரும்போலிருந்தால் வாரியம் வெளியேற்ற ஆணை போடும். ஆணை வந்தால் பள்ளக்கரை கிளம்பும்.

பள்ளக்கரை என்பது கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே தாழ்வில் இருந்த நாற்பத்தொரு வீடுகள். வெற்றிலைக் கொடிக்கால்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். முத்திருளன் வீடும் அதில் ஒன்று. யாருக்கும் பட்டா கிடையாது. முன்பு ஐம்பது வீடுகள் இருந்தன. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், ஆணை வருமுன்பே ஒன்பது குடும்பங்கள் பயந்துபோய் மேட்டுக்கு ஏறிவிட்டன. தண்ணீர் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஒன்பது வீடுகளும் ‘குடியிருப்போர் தாமாகக் கைவிட்டவை’ என்று பதிவாகி, இடத்தைச் சுற்றிக் கம்பிவேலி நின்றது. அன்றிலிருந்து பள்ளக்கரையில் ஒரு வழக்கம் உண்டானது. முத்திரை போட்ட காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் யாரும் வீட்டைவிட்டு இறங்குவதில்லை.

2025 தொடக்கத்தில் கல்லுக்கு எதிரே ஒரு கேமரா வைத்தார்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு படம் எடுக்கும். புதுப் படம் பழைய படத்தின் இடத்தில், அதே பெயரில், வாரியத்தின் தளத்தில் போய் உட்காரும். இனி போன் வேண்டியதில்லை, படமே சான்று என்று சுற்றறிக்கை வந்தது. முத்திருளன் கேமராவின் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். விரும்பினால் அளவையும் எழுதி அனுப்பலாம்.

மே மாதம் கேமராவில் சிலந்தி வலை பின்னிவிட்டது என்று மதுரையிலிருந்து அசீம் வந்தான். வாரியத்தின் இணையதளத்தைக் கவனிக்கிற ஒப்பந்த ஊழியன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் அவனுக்கு அடுத்த மூன்று மாதம் வேலை. வலையைத் துடைத்துவிட்டு இருவரும் கரைமேல் டீக்கடையில் உட்கார்ந்தார்கள்.

“இப்பப் பாருங்கண்ணே, நம்ம தளம் ரெண்டு விநாடியில திறக்குது. அன்னைக்கு ஒன்பது விநாடி.”

“என்ன தம்பி பண்ணீங்க?”

“தளத்துல அறுபத்து நாலு படம் இருக்கு. முத்திரை, கட்டடம், இயக்குநர் ரிப்பன் வெட்டுறது, அவரு மரம் நடுறது. ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் திறக்கிறப்ப அம்புட்டுப் படமும் எங்க கணினியிலேருந்து கிளம்பி அவருகிட்டப் போவணும். அதான் தாமதம். இப்ப ஒவ்வொரு படத்தோட தலையிலயும் ஒரு குறிப்பு எழுதி அனுப்புறேன். இதை நீயே வச்சுக்க, இம்புட்டு நாளைக்கு எங்கிட்டத் திரும்பக் கேக்காதேன்னு. அவங்க கணினி எடுத்து வச்சுக்கிரும். அடுத்த தடவை அதுலேருந்தே காட்டிரும்.”

முத்திருளன் யோசித்தார். “கடைக்காரன் தினமும் மார்க்கெட்டுக்குப் போகாம, வாங்கி வச்ச வெத்தலைக் கட்டுலேருந்தே எடுத்துக் குடுக்கிற மாதிரி.”

“அதேதாண்ணே.”

“வெத்தலை அழுகிருமே.”

“அதுக்குத்தான் எத்தனை நாள்னு குறிப்புல எழுதுறது. முத்திரை மாறாது, ஒரு வருஷம்னு போடலாம். ஆத்துப் படம் கால் மணிக்கு ஒண்ணு மாறுது. அதை மட்டும் ஒவ்வொரு தடவையும் எங்ககிட்டக் கேட்டு வாங்கிக்கோன்னுதான் நான் எழுதியிருந்தேன்.”

“இருந்தேன்னா?”

அசீம் டீயை ஒரு மடக்குக் குடித்தான். “மூணாவது இடம் வந்தோம். ஏன் முதல் இடம் வரலைன்னு சார் கேட்டாரு. ஆத்துப் படம்தான் இழுக்குதுன்னு சொன்னேன். அதுக்கும் ஒரு வருஷம் போடுன்னுட்டாரு.”

“நீங்க எடுத்துச் சொல்லலையா?”

“சொன்னேண்ணே. ‘ஆறு எங்கேப்பா ஓடிப் போகப்போகுது?’ன்னு கேட்டாரு.”

இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள். ஒரு கால்வாய் அகலத்துக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அளவுக்கல்லின் நிழலில் முத்திருளனின் கிடா நின்றது. கறுப்பு. ஒரு காது மட்டும் வெள்ளை.

“நல்ல உருப்படியா இருக்கேண்ணே. எங்க மாமு பக்ரீதுக்குத் தேடிக்கிட்டு இருக்காரு” என்றான் அசீம்.

ஜூன் முதல் வாரம் அந்த மாமு, மதுரை காஜிமார் தெருவில் அத்தர் கடை வைத்திருக்கும் அப்துல் வஹீது, ஒரு சரக்கு ஆட்டோவில் வந்து கிடாவை ஏற்றிக்கொண்டு போனார்.

ஜூலைக் கடைசியில் ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. முத்திருளன் வழக்கம்போல எழுதி அனுப்பினார்: இரண்டரை அடி. எட்டாம் நாள் அவருக்கு ஒரு குறிப்பாணை வந்தது. சிவப்பு மையில் வட்ட முத்திரை குத்தியிருந்தது. ‘வாரியத் தளத்தில் உள்ள படத்தின்படி ஆறு வறண்டுள்ளது. தாங்கள் இரண்டரை அடி நீர் எனத் தெரிவித்துள்ளீர்கள். மேற்படி நீர் எவ்விதம் வந்தது என்பதற்குத் தாங்கள் ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்.’

அவர் மழை பெய்தது என்று விளக்கம் எழுதினார். விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று பதில் வந்தது. கூடவே ஒரு புதுப் படிவம். முதல் கட்டத்தில் பார்த்தபடி நீர்மட்டம். இரண்டாவதில் படத்தின்படி நீர்மட்டம். மூன்றாவதில் வேறுபாடு. மூன்றாவது கட்டத்தில் முன்கூட்டியே பூஜ்யம் அச்சிட்டிருந்தது.

செப்டம்பர் பத்தாம் தேதி மதுரையில் நிலைக்குழுக் கூட்டம். முத்திருளனும் வர வேண்டும் என்று ஆணை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பத்தொன்பது வருடத்து நோட்டுகளில் கடைசி மூன்றைப் பையில் வைத்துக்கொண்டு போனார். நீளமான மேசை. நான்கு அதிகாரிகள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மடிக்கணினி. அசீம் சுவரோரம் நின்றிருந்தான்.

“எல்லாரும் தளத்தைத் திறந்து ஆற்றைப் பாருங்கள்” என்றார் இயக்குநர். நான்கு கணினிகளிலும் தளம் பட்டென்று திறந்தது. இயக்குநர் ஒரு கணம் கண்ணை மூடி அந்த வேகத்தை ரசித்தார்.

பிறகுதான் சிக்கல் வெளியே வந்தது. ஒரு வருடக் குறிப்பு எழுதிய பிறகு இயக்குநர் முதன்முதலில் படத்தைத் திறந்தது ஏப்ரல் 24. அவர் ஆறு வறண்டிருந்தது. நடுவில் கறுப்புக் கிடா நின்றது. துணை இயக்குநர் சுந்தரவல்லி திறந்தது மே 12, அழகர் இறங்குவதற்குத் தண்ணீர் விட்டிருந்த நாள். அவர் ஆறு நிறைந்து ஓடியது. நான்கு மாதமாக அவர் தினமும் எச்சரிக்கைக் கோப்பு அனுப்பிக்கொண்டிருந்தார். தினமும் அதை இயக்குநர் திருப்பிக்கொண்டிருந்தார். வட்டாட்சியர் அழகுராஜா விடியுமுன் திறந்தவர். அவருடைய ஆறு வெறும் இருட்டு. ‘நிலைமை தெளிவாக இல்லை, கண்காணிக்கப்பட்டு வருகிறது’ என்று அவர் அன்றாடம் அறிக்கை கொடுத்திருந்தார். தணிக்கை அலுவலரின் ஆற்றில் சிலந்தி வலை இருந்தது. ஆற்றின் குறுக்கே யாரோ அனுமதியின்றிக் கட்டுமானம் எழுப்புவதாக அவர் இரண்டு முறை நோட்டீஸ் விட்டிருந்தார்.

“உங்கள் ஆறு எங்கே?” என்று முத்திருளனைக் கேட்டார் இயக்குநர்.

“அங்கனதான் சார் ஓடுது.”

“ஆவணம்?”

முத்திருளன் நோட்டை நீட்டினார். இயக்குநர் அதைத் தொடவில்லை. “இது நீங்கள் எழுதியது. அது கருவி எடுத்தது. கருவிக்குப் பள்ளக்கரையில் வீடு இல்லை.”

அசீம் தொண்டையைச் செருமினான். “சார், அவங்கவங்க கணினியில சேர்ந்திருக்கிற பழைய படத்தை அழிச்சிட்டாப் போதும். இப்ப உள்ள ஆறு வந்திரும்.”

“அரசுக் கணினியிலிருந்து எதையும் அழிக்கக் கூடாது” என்றார் தணிக்கை அலுவலர்.

“இல்லேன்னா படத்தோட பேரை மாத்தலாம் சார். புதுப் பேருன்னா கணினி புதுசாக் கேட்டு வாங்கிரும்.”

“பெயர் அரசிதழில் வெளியானது” என்றார் சுந்தரவல்லி, நிமிராமல். “மாற்ற இன்னொரு அரசிதழ் வேண்டும்.”

முத்திருளனுக்கு அந்தக் கறுப்புக் கிடாவின் மேலேயே கண் நின்றது. “சார், அந்த உருப்படி இப்ப இல்ல. ஜூன்லயே வித்துட்டேன்.”

“எங்க மாமுதான் சார் வாங்குனாரு. பக்ரீதுக்குக் குர்பானி குடுத்தாச்சு” என்றான் அசீம்.

இயக்குநர் திரையை உற்றுப் பார்த்தார். “விற்றதற்கு ரசீது?”

“ரசீதெல்லாம் இல்ல சார். கறியைப் பங்கு வச்சுக் குடுத்துட்டோம்” என்றான் அசீம்.

“அப்படியானால் வாரியத்தைப் பொறுத்தவரை ஆடு நிற்கிறது.” அவர் எழுந்து நின்றார். கோபம் இல்லாத குரலில், கல்லூரியில் பாடம் எடுப்பவர்போலப் பேசினார். “ஆறு என்பது இயற்கை. ஆற்றுநிலை என்பது நிர்வாகம். இயற்கைக்கு நாம் பொறுப்பல்ல. அது கால் மணிக்கு ஒரு தடவை மாறும். நிர்வாகமும் அப்படி மாறினால் மக்கள் யாரை நம்புவார்கள்? இன்று காலை நம் தளம் அரை விநாடியில் திறந்தது. ஒரு குடிமகன் வெள்ளமா என்று கேட்கிறான், அரை விநாடியில் பதில் கொடுக்கிறோம். உலகத்தில் எந்த ஆறும் இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை.”

பதவி மூப்பின்படி இயக்குநரின் ஆறே வாரியத்தின் ஆறு என்று தீர்மானம் நிறைவேறியது. ஒவ்வொரு ஊழியரும் தினமும் காலை பத்து மணிக்குத் தளத்தைத் திறந்து பார்ப்பது கட்டாயம் என்று இன்னொரு தீர்மானம். சுந்தரவல்லியும் கையெழுத்துப் போட்டார். அவர் கணினியில் தண்ணீர் கரையை இடித்துக்கொண்டிருந்தது.

ஆரப்பாளையம் பேருந்து நிலையம்வரை அசீம் கூட வந்தான்.

“நீங்க பேசாம அந்தக் குறிப்பை மாத்தி எழுதிருங்க தம்பி. அவருக்குத் தெரியவா போவுது?”

“எழுதிட்டேண்ணே. நேத்தே எழுதிட்டேன். பிரயோசனம் இல்ல. புதுக் குறிப்பைப் படிக்கணும்னா அவங்க கணினி எங்ககிட்ட வந்து கேக்கணும். ஒரு வருஷத்துக்குக் கேக்காதேன்னு நான்தானே சொல்லி வச்சிருக்கேன். அதுக சொன்ன சொல்லைக் காப்பாத்துதுக.”

“அப்ப உண்மையான ஆறு யாருக்குத்தான் தெரியும்?”

“இதுவரைக்கும் தளத்தைத் திறக்காதவங்களுக்கு” என்றான் அசீம். சோழவந்தான் பேருந்து நகர ஆரம்பித்தது.

நவம்பரில் வடக்கு மலைகளில் மூன்று நாள் விடாமல் பெய்தது. அணையிலிருந்து யாரும் தண்ணீர் திறக்கவில்லை. ஓடைகள் தாமாக வந்து ஆற்றில் விழுந்தன. நவம்பர் 19, புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அளவுக்கல்லில் நாலடி. தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது, சத்தம் போடவில்லை. எட்டரைக்கு ஆறடி. ஒரு முழுத் தென்னைமரம் வேரோடு நிமிர்ந்தபடி மிதந்து போனது. பத்தேகாலுக்கு ஏழரை. பதினொன்றுக்கு எட்டு. முத்திருளன் அசீமைக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒன்பது தொட்டுரும். ஆணை வேணும்.”

“எங்க கணினிக்கு வர்ற படத்தைப் பாத்ததுமே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேண்ணே. எல்லாரும் பத்து மணிக்குத் தளத்தைப் பாத்துட்டாங்க. வறண்டு கெடக்குன்றாங்க.”

“திறக்காத ஆளே இல்லையா அங்கே?”

“இருக்காங்கண்ணே. காவ்யஸ்ரீன்னு ஒரு மேடம், உதவி இயக்குநர், இன்னைக்குத்தான் வேலையில சேர்றாங்க. ஆணையில கையெழுத்துப் போடுற அதிகாரம் உண்டு. சேர்ந்ததுக்குக் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்காங்க. போனை வைக்காதீங்க. பையில போட்டுக்கிட்டுப் போறேன்.”

முத்திருளன் கரைமேல் நின்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். துணி உரசும் சத்தம், படி ஏறும் மூச்சு, கதவு. அசீம் யாரிடமோ தளத்தைத் திறக்கச் சொல்வது கேட்டது. பிறகு ஒரு பெண்குரல்: “ஐயையோ.” நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. நடை. இன்னொரு கதவு.

“சார், சோழவந்தான்ல எட்டடிக்கு மேல ஓடுது. வெளியேற்ற ஆணை போடணும். நானே போடுறேன், நீங்க ஒப்புதல் மட்டும்—”

“உட்காருங்கள். டீ சாப்பிடுகிறீர்களா?” இயக்குநரின் குரல்.

“சார், படத்தைப் பாருங்க.”

“பார்த்தேன். புதிதாக வந்தவர்களுக்கு அப்படித்தான் தெரியும். எனக்கும் முதல் வேலையில் எல்லாமே வெள்ளமாகத்தான் தெரிந்தது. போகப் போகச் சரியாகிவிடும். இதோ என் திரை. ஆடு நிற்கிறதா? எட்டடித் தண்ணீரில் ஆடு நிற்குமா?”

“சார், நான் கையெழுத்துப் போடுறேன்.”

“போடலாம். ஆனால் தீர்மானம் இருக்கிறது. மூன்று மணிக்குக் குழுவைக் கூட்டுகிறேன்.”

முத்திருளன் போனை மடியில் செருகினார். அளவுக்கல்லில் எட்டேகால். மணி பதினொன்று இருபது.

அவர் கரையிலிருந்து பள்ளக்கரைக்குள் இறங்கினார். தெருவில் ஏற்கனவே கணுக்கால் தண்ணீர். எல்லாரும் வாசலில் மூட்டை முடிச்சோடு நின்றார்கள், யாரும் நகரவில்லை. குழந்தைகளை வாசற்படியில் உட்காரவைத்திருந்தார்கள். கொடிக்காலில் வேலை பார்க்கும் கருத்தக்கண்ணன் முதலில் கேட்டான். அந்த ஒன்பது வீடுகளில் ஒன்று அவன் அண்ணனுடையது.

“காகிதம் வந்திருச்சாண்ணே?”

முத்திருளன் வீட்டுக்குள் போனார். தகரப்பெட்டியைத் திறந்தார். ஆகஸ்டில் வந்த குறிப்பாணையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வட்ட முத்திரை வெளியே தெரியும்படி மடித்து, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தெருக்கோடியிலிருந்து நடந்தார்.

“வந்திருச்சு. கிளம்புங்க. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க.”

சிவப்பு முத்திரையைப் பார்த்ததும் வீடுகள் காலியாகத் தொடங்கின. முத்திருளனின் மனைவி பேச்சியம்மாள்தான் முதலில் ஏறினாள். மேலத்தெரு முழுக்க ஏறிவிட்டது. கீழத்தெருவில் கருத்தக்கண்ணன் கையை நீட்டினான்.

“குடுங்கண்ணே. படிச்சிட்டு வாரேன்.”

“படிக்கிற நேரமாடா இது?”

“எங்கண்ணன் படிக்காமத்தாண்ணே போனாரு.”

அவன் காகிதத்தை வாங்கிப் பிரித்தான். நிதானமாக, உதடு அசையப் படித்தான். “மேற்படி நீர் எவ்விதம் வந்தது என்பதற்கு…” அவன் நிறுத்தினான். முத்திருளனின் முகத்தைப் பார்க்காமலேயே காகிதத்தைப் பழைய மடிப்பில் மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

“இது ஆணை இல்லையேண்ணே.”

“கருத்தா, தண்ணியப் பாருடா.”

“பாக்குறேண்ணே. எனக்கும் கண்ணு இருக்கு. நான் பாத்து என்ன செய்ய? காகிதம் வரட்டும், அம்மாவைத் தூக்கிக்கிட்டு வாரேன்.”

கீழத்தெருவில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டும் கருத்தக்கண்ணன் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. முத்திருளன் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கெஞ்சினார். இடுப்பளவு வந்தபோது நான்கு வீடுகள் கிளம்பின. அவரைப் பேச்சியம்மாளின் தம்பி வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான்.

பிற்பகல் ஒன்று பத்துக்குத் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. ஒன்றேமுக்காலுக்கு அளவுக்கல் தெரியவில்லை. கேமராவும் போனது.

மூன்று மணிக்கு நிலைக்குழு கூடியது. இயக்குநரின் திரையில் ஆறு பார்க்கப்பட்டது. வெள்ளம் இல்லை என்று பதிவு செய்யப்பட்டது. காவ்யஸ்ரீயின் மாறுபட்ட கருத்தும் பதிவு செய்யப்பட்டது.

பள்ளக்கரையில் ஒரு வீடும் மிஞ்சவில்லை. கீழத்தெருவில் ஆறு பேர் இறந்தார்கள். கருத்தக்கண்ணனும் அவன் அம்மாவும் இரண்டு மைல் தள்ளி ஒரு கருவேலங்காட்டில் கிடைத்தார்கள். அம்மா அவன் முதுகில் சேலையால் கட்டப்பட்டிருந்தாள்.

முன்னதாக ஏறிய இருபத்தொன்பது வீடுகளும் பின்னால் ஏறிய நான்கும் ‘குடியிருப்போர் தாமாகக் கைவிட்டவை’ என்று பதிவாயின. மீதி எட்டு வீடுகளுக்கு நிவாரணம் உண்டு என்று முடிவானது. அந்தப் பொறுப்பு காவ்யஸ்ரீயிடம் கொடுக்கப்பட்டது. விதிப்படி, பொறுப்பு அதிகாரியின் திரையில் தண்ணீர் வடிந்த பிறகுதான் சேதக் கணக்கெடுப்பு தொடங்க வேண்டும். கேமரா போவதற்குமுன் எடுத்த கடைசிப் படமே தளத்தில் நின்றதால், அவர் திரையில் வடியவில்லை. புதுக் கேமரா வைக்க அனுமதி கேட்டு அவர் நான்கு கடிதங்கள் எழுதியிருக்கிறார். அசீமுக்கு டிசம்பரில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அலுவலகக் குறிப்பாணையை ஆணையெனக் காட்டிப் பொதுமக்களைத் திசைதிருப்பியதற்காக முத்திருளன் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

2026 ஜனவரி 7, புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு வாரியத்தின் இணையதளம் 0.4 விநாடியில் திறந்தது. இருபத்தேழு தளங்களில் முதல் இடம். கேடயத்தை வாங்கிக்கொண்டு வந்த இயக்குநர், அதை மேசைமேல் வைத்துவிட்டுத் தளத்தைத் திறந்து பார்த்தார். சோழவந்தானில் ஆறு வறண்டிருந்தது. ஆடு நின்றது.